மாம்பழப் புள்ளி வைத்த ஓம்

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னியுங்கள்... மகன் இப்போதுதான் கண்ணயர்ந்தான்.

எமில் அங்கிள் இன்று காலை போய்விட்டார். வென்ட்வேர்த்வில்லில் எங்கள் கீழ் ஃபிளாட்டில் இருந்த ஹெய்ட்டி நாட்டு ஓவியர்.

ஊரில் பஸ்களுக்குப் படம் வரைந்தவர். இங்கே வார நாட்களில் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பார்... எல்லாம் வெள்ளைச் சுவர்கள். அந்தக் கோபத்தில் தன் படங்களில் வெள்ளையைத் தொடவே மாட்டார். வெள்ளைக் கிளியான காக்கட்டூகூட அவரிடம் ஊதா நிறம்தான்.

சனிக்கிழமைகளில் கராஜில் பிள்ளைகளுக்கு வகுப்பு. நச்சு ஏதும் உண்டோ என்று நான் ஒவ்வொரு டியூப்பாக லேபிள் வாசிப்பேன். அவர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நீட்டுவார், "இன்ஸ்பெக்டர் மேடம்" என்று.

ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்: போனில் எந்நேரமும் மந்திரம் சொல்கிறீர்களே, வீட்டில் ஏதும் பிரச்சினையா?

அம்மாவோடு கதைக்கும்போது நான் சொல்லும் "ஓம்... ஓம்... ஓம் அம்மா"வைத்தான் சொல்கிறார். எங்களுக்கு அது வெறும் யெஸ் என்றதும், சிரிப்பில் கதிரையிலிருந்து விழாத குறை.

அதன்பின் அவர் வரைந்த ஒவ்வொரு படத்திலும் பஸ்ஸின் நெற்றியில் தமிழில் "ஓம்". முதல் படத்தில் புள்ளியை விட்டுவிட்டார்.

என் மாமியார் பார்த்துவிட்டு, "இதென்ன பிள்ளை, ஓமத்தண்ணி விக்கிற பஸ்ஸோ?"

விளக்கிச் சொன்னேன். அங்கிள் யோசித்தார். ம-வின் தலையில் குட்டி மாம்பழம் ஒன்றை வைத்தார். அன்றிலிருந்து எல்லாப் பஸ்ஸிலும் மாம்பழம்தான் புள்ளி.

மூன்று வயதாகியும் என் மகன் பேசவில்லை. நான் பயந்து செத்துக்கொண்டிருந்த நாட்கள்... அந்தக் கராஜில் அங்கிள் அவனிடம் "மோர் ப்ளூ?" என்று கேட்டார்.

"ஓம்."

முதல் சொல். அவருக்கு மொழிபெயர்க்கவே தேவைப்படவில்லை, டியூப்பைப் பிதுக்கி ஊற்றினார். என் மகன் முழங்கைவரை நீலம். நான் லேபிளே பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை அடக்கம். தன் பஸ் படங்களெல்லாம் அஞ்சலி நடக்கும் ஹோலில் ஒன்றாக நிற்க வேண்டும் என்று மகளிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் புதுவீட்டுக் குடிபூரல், பிறந்தநாள் என்று எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்த்துவிட்டார். யாருக்கு என்று எங்கும் எழுதி வைக்கவுமில்லை.

அவர் வீட்டுச் சுவர்கள் இப்போது வெறும் வெள்ளை.

வென்ட்வேர்த்வில், பென்டில் ஹில் ஆட்களே... உங்கள் சுவர்களை ஒருக்கால் பாருங்கள். மாம்பழப் புள்ளி வைத்த பஸ் இருந்தால் நானே வந்து எடுத்து, பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து தருவேன்.

போயிட்டு வாங்கோ அங்கிள்.

படம் இருப்பவர்கள் தயவுசெய்து நாளைக்கே பதில் போடுங்கள்.