வெட்டிய மரங்களைத் தாண்டி

இடஒதுக்கீடு கேட்டு மறியல். கள்ளக்குறிச்சி ஊருக்கு வெளியே சாலையின் குறுக்கே புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருக்கிறார்கள். வெள்ளிமலையில் பஸ் இல்லாமல் மரவள்ளிக்கிழங்கு லாரியில் ஏறி வந்தவன் நான். எங்களுக்குப் பின்னாலும் ஒரு மரம் விழுகிறது. இனித் திரும்பவும் வழியில்லை.

டிரைவர் பெருமாள் இறங்கி நாலடி வைத்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். சட்டை வேர்வையில் நனைந்திருக்கிறது.

"வாயு சார். எந்நேரமும் உக்காந்துகினே ஓட்டறேன்ல" என்கிறார். உதடு வெளுத்திருக்கிறது.

கோடரியோடு ஒருவர் எங்களை நோக்கி வருகிறார். லாரியை உடைக்கத்தான் வருகிறார் என்று பெருமாளை மறைத்து நிற்கிறேன்.

"இன்னாங்க ஆச்சு அவருக்கு?"

"நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

பெருமாள் எழப் பார்க்கிறார். "மெதுவா நடந்துடறேன்."

"நடக்காதீங்க! எங்கப்பாவும் லாரிதான் ஓட்டுனாரு. வாயுன்னு சொல்லிக்கினே நடந்தாரு. வூடு வந்து சேரல."

கோடரியைப் போட்டுவிட்டு இன்னும் மூன்று ஆட்களைக் கூப்பிடுகிறார். சாலையோர டீக்கடையின் கயிற்றுக் கட்டிலில் பெருமாளைத் தூக்கிக்கொண்டு, தாங்கள் வெட்டிய மரங்களின் மேலேயே நான்கு பேரும் ஏறி இறங்குகிறார்கள். நான் அவர் கையைப் பிடித்தபடி கூடவே ஓடுகிறேன். கை சில்லிட்டுக்கொண்டே வருகிறது. பேச்சும் நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வர வெகுநேரமாகிறது.

"பொழைச்சுக்கிட்டார். உடம்பு தேறினதும் தினமும் நடக்கணும். உட்கார்ந்தே கிடந்தா அடுத்த தடவை தாங்காது."

வாசலில் நிற்கும் கோடரிக்காரரிடம் போய்ச் சொல்கிறேன். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு படியில் உட்கார்ந்து, தோள் குலுங்க அழுகிறார்.