பதின்மூன்று வினாடி

மலேசியாவின் கமுந்திங் தொழிற்பேட்டையில் மின்சாதனப் போர்டுகள் செய்யும் ஒரு தொழிற்சாலை. அதன் மூன்றாம் லைனில் பத்தொன்பது வருடமாக பெட்ரீசியாவுக்கு ஒரே வேலை. பெல்ட் ஒரு போர்டைக் கொண்டுவரும். ஈயப்புள்ளி எல்லாம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பாள். விட்டுப்போயிருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். பெல்ட் அதை எடுத்துக்கொண்டு போய்விடும். அந்தப் போர்டுக்குள் என்னதான் நடக்கிறது என்று ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"அது உங்களுக்கு எதுக்குக்கா? புள்ளிய மட்டும் பாருங்கலா" என்றான் சூப்பர்வைசர் சுகுமாரன். அவளைவிடப் பத்து வயது இளையவன்.

எதுக்கா? அடுத்த லீவு நாளே ஈப்போவுக்கு பஸ் ஏறினாள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய மைக்ரோகண்ட்ரோலர் போர்டு ஒன்று, இரண்டு மோட்டார், கறுப்பு வெள்ளை பிரித்துப் பார்க்கும் சென்சார், நான்கு சக்கரம் வாங்கிக்கொண்டு வந்தாள். பழைய ரப்பர் எஸ்டேட்டை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பில் அவள் வீடு. ஹால் தரையில் கறுப்பு டேப்பை வளைத்து ஒட்டி, மூன்று மாதம் வீடியோ பார்த்துப் பார்த்து, மகளின் பழைய லேப்டாப்பில் ஒற்றை விரலால் கட்டளைகளைத் தட்டினாள். அந்த டேப் வழியே ஓட வேண்டிய குட்டிக் கார் முதலில் நாற்காலிக்கடியில் போய் முட்டியது. பிறகு ஒரே இடத்தில் சுற்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய்வந்த சேலையோடு அவள் தரையில் உட்கார்ந்திருக்க, டேப் கோட்டின் மேலேயே கார் முழுச்சுற்றும் போனது.

லூமுட் துறைமுகத்துக்கு லாரி ஓட்டும் அவள் புருஷன் லூர்துசாமி சிரித்தான். "நாப்பத்தாறு வயசுல பொம்மை கார் ஓட்டுறியே!"

"ஒங்க லாரிய விட ஒழுங்கா கோட்டுல போவுது, பாத்துக்குங்க" என்றாள்.

அந்த வருடம்தான் மங்களம் அக்காவுக்கு வரிசையாக எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மங்களம் பெட்ரீசியாவுக்குப் பக்கத்து நாற்காலி. பழுதான போர்டைக் கவனிக்காமல் விட்டுவிட்டாள் என்று ஒன்று, மறுபடி ஒன்று. மூன்றாவது வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பெல்ட் முன்னைவிட வேகமாக ஓடுகிறது என்று லைனில் எல்லாப் பெண்களுக்கும் உடம்பு சொன்னது. மங்களம் போய்ச் சொன்னாள்.

சுவரில் ஒட்டியிருந்த தாளை சுகுமாரன் தட்டிக் காட்டினான். "போர்டுக்கு பதினாறு வினாடி. அன்னிக்கும் அதான், இன்னிக்கும் அதான். ஒங்களுக்கு வயசாயிருச்சுக்கா, கண்ணாடிய மாத்துங்க."

மங்களம் நாற்காலிக்குத் திரும்பி வந்து, கையுறையைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.  பெட்ரீசியா வீட்டுக்குப் போனதும் காரைப் பிரித்தாள்.

தரையைப் பார்த்த சென்சார் பெல்ட்டைப் பார்க்காதா? ஒரு போர்டு கடந்து அடுத்தது வரும்வரை எத்தனை வினாடி என்று எண்ணி, சின்னத் திரையில் காட்டி, ஷிஃப்ட் முடியும்வரை ஒன்றுவிடாமல் பதிந்துவைக்கும்படி எழுதினாள். எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் அடக்கினாள். போன், கேமரா உள்ளே கொண்டுபோகக் கூடாது என்றுதான் கேட்டில் எழுதியிருந்தது. காவலாளியிடம் டின்னைத் திறந்தே காட்டினாள். "இது போனும் இல்ல, கேமராவும் இல்ல." அவர் தலையைச் சொறிந்துகொண்டே விட்டுவிட்டார்.

பெல்ட் ஓரத்தில் வைத்த முதல் நாள் கணக்கு உளறியது. ஒரு வினாடி, பதினைந்து, ஒரு வினாடி. போர்டின் நடுவில் இருந்த ஓட்டையை அது இன்னொரு போர்டு என்று நினைத்துவிட்டது. ஒன்றைப் பார்த்தபின் மூன்று வினாடிக்கு எதையும் எண்ணாதே என்று ஒரு வரி சேர்த்தாள். இரண்டாம் நாள் சுத்தமாக வந்தது. காலையில் பதினாறு. பத்து மணிக்கு மேலாளர் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனதும் பதினான்கு. சாப்பாட்டுக்குப் பிறகு பதின்மூன்று.

மூன்றாம் நாள் மத்தியானம் சுகுமாரன் டின்னைப் பார்த்துவிட்டான்.

"என்னாக்கா இது? யாரக் கேட்டு வச்சீங்க? எடுங்க மொதல்ல!"

"எடுக்க மாட்டேன் தம்பி. ஒனக்கு வேணும்னா நீயே எடு. ஆனா திரையில என்னா நம்பர்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி படிச்சிட்டு எடு."

லைன் முழுக்கத் தலை திரும்பியது. பார்க்காத போர்டுகள் கடைசியில் போய்க் குவிய, பெல்ட்டை நிறுத்த வேண்டியதாயிற்று. நின்ற பெல்ட்டுக்காக மேலாளரே இறங்கி வந்தார். டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வீட்டில் செய்த சாமானை நம்பி முடிவெடுக்க முடியாது, அதற்குச் சான்றிதழ் கிடையாது என்று மலாயில் சொன்னார்.

"சரி. இத நம்ப வேணாம்" என்று பெட்ரீசியாவும் மலாயிலேயே பதில் சொன்னாள். "ஒங்க ஸ்டாப்வாட்ச்ச கொண்டாங்க. இதே வேகத்துல பெல்ட்ட ஓட விடுங்க. எங்க முன்னால பாருங்க."

மேலாளர் யோசித்தார். முப்பது பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். டெக்னீஷியன் ஸ்டாப்வாட்ச்சோடு வந்தான், பெல்ட் ஓடியது. பத்து போர்டு கடந்ததும் நூற்று இருபத்தொன்பது வினாடி என்று மெதுவாகச் சொன்னான். மங்களம்தான் வாய்விட்டுக் கணக்குப் போட்டாள். "பதின்மூணுகூட இல்லலா! அப்ப என் கண்ணுக்கு ஒன்னும் ஆகல!"

சுகுமாரன் தரையைப் பார்த்தான். டார்கெட்டை எட்டச் சொல்லி மேலே நெருக்கினார்கள் என்று அவன் முணுமுணுத்தது பெட்ரீசியாவுக்கு மட்டும் கேட்டது. ஒரு கணம் பாவமாகத்தான் இருந்தது. அதற்காக அவள் டின்னை மூடிவிடவில்லை.

அந்த வாரத்திலேயே பெல்ட் பதினாறுக்குத் திரும்பியது. மங்களத்தின் இரண்டு கடிதங்களையும் ரத்து செய்தார்கள். மன்னிப்பு என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெட்ரீசியாவுக்குத்தான் ஒரு கடிதம் வந்தது. அனுமதியில்லாத கருவியை உள்ளே கொண்டுவந்த குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும், கருவியை ஒப்படைக்க வேண்டும்.

"கருவி என்னுது, குடுக்க முடியாது" என்றாள் ஆபீசில். "கையெழுத்து போடுறேன். ஆனா பெல்ட் எத்தன வினாடியில ஓடிச்சுன்னு மேல எழுதிட்டுத்தான் போடுவேன்."

"அப்படியெல்லாம் எழுதக் கூடாது" என்றாள் அங்கிருந்த பெண்.

"அப்ப போட மாட்டேன்."

மூன்று முறை கூப்பிட்டார்கள். மூன்று முறையும் பேனாவை எடுத்து அந்த நம்பரையே எழுதப் போனாள். மூன்று முறையும் தாளை இழுத்துக்கொண்டார்கள். நான்காம் முறை கூப்பிடவில்லை. கையெழுத்தில்லாத அந்தக் கடிதம் இன்னும் ஆபீஸ் ஃபைலில் கிடக்கிறது. பெட்ரீசியா மூன்றாம் லைனில், அதே நாற்காலியில் இருக்கிறாள்.