பூட்ஸ் இல்லாத குதிரைவீரன்

சசிதரனுக்கு எப்போதும் மூக்கின் மேல் கோபம். ரந்தாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறவன். கல்யாணம் கூடிவரவில்லை. அக்கா நீலாவதி வீட்டில் ஓர் அறை. அந்த அறையில் மட்டும் அவன் பச்சைப்பிள்ளை, ஏனென்றால் அங்கே அவனுடைய பொம்மைக் குதிரைவீரர்கள் இருந்தார்கள்.

பெட்டியில் வருகிற ஒரு சாண் பொம்மை எல்லாம் வெள்ளைக்காரச் சிப்பாய்தான். அதை அப்படியே ஒட்டிப் பெயிண்ட் அடிக்க அவனுக்கு மனம் ஒப்பாது. தொப்பித் தலையை அறுத்தெறிவான். பிசைந்தால் இறுகும் பசையில் தலைப்பாகை சுற்றுவான். பூட்ஸைச் சீவிவிட்டு, ஊசிமுனையால் கால்விரல்களைக் கீறுவான். கடைசியில் குதிரைமேல் ஒரு பாளையக்காரப் படைவீரன் உட்கார்ந்திருப்பான், நம்மாள், வெயிலில் கறுத்து, சோர்ந்துபோய்.

போன வருஷம் சிரம்பானில் நடந்த பொம்மை வேலைப்பாட்டுப் போட்டிக்கு அப்படி ஒருவனைக் கொண்டுபோனான். வரலாற்றுப் பிரிவில் சேர்க்கவில்லை. “உங்காளு உடுப்புக்கு ஆதாரம் இல்ல லா, பிரதர்,” என்று நடுவர் மைக்கல்ராஜ் அதைத் தூக்கிக் கற்பனைப் பிரிவில் வைத்தார். பக்கத்தில் ஒரு டிராகன். நெருப்புக் கக்கும் பல்லியும் நம் பாட்டன் பூட்டனும் ஒன்றா? சசி விடவில்லை. வருஷம் முழுக்கக் கோயில் மண்டபச் சிற்பங்கள், பழைய ஓவியங்கள் என்று படம் படமாய்ச் சேர்த்து அனுப்பி நச்சரித்தான். “சரி, கொண்டு வாங்க, பாப்போம்,” என்றார் மைக்கல்ராஜ்.

இந்த வருஷப் போட்டியன்று காலை வேலை முடிந்து வந்து பார்த்தால், புது வீரனை வைத்திருந்த மேசை காலி.

“அக்கா! எங்க என் குதிர?”

நீலாவதி பெருமையாய்ச் சிரித்தாள். தோட்டத்து மதுரை வீரன் கோயிலுக்கு விளக்கேற்றுகிறவள் அவள். செம்பனைப் பழம் ஏற்றுகிற லாரி பின்பக்கமாய் நகர்ந்து இடித்துச் சிலை உடைந்து, சன்னதி காலியாய்க் கிடந்தது. “நான் கேக்காமலே வீரன செஞ்சி வச்சிருக்கியேடா. வெள்ளன கொண்டுபோய் வச்சி, பொட்டு வச்சி, படையல் போட்டாச்சி.”

“ஐயோ, அது சாமி இல்லக்கா! சம்பளத்துக்குக் குதிர ஏறுன ஆளு! மனுஷன்!”

“வாய கழுவுடா,” என்றாள் அக்கா.

மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனான். அவன் மனுஷன் நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, குதிரைமேல் மஞ்சள், கழுத்தில் எலுமிச்சை மாலை. மாலையைக் கழற்றிவிட்டுப் பஞ்சால் துடைத்தான். குங்குமத்தோடு புருவமும் சேர்ந்து வந்தது. அதோடு கையை எடுத்துவிட்டான். அக்காவைத் திட்டினான், லாரிக்காரனைத் திட்டினான், சாமியையும் விடவில்லை. அழுகையும் வந்தது, அதற்கும் சேர்த்துத் திட்டினான்.

பொட்டும் மஞ்சளுமாய் அப்படியே கொண்டுபோனதைச் சிரம்பானில் மைக்கல்ராஜ் ஒரு பார்வைதான் பார்த்தார். “சாமியா, பிரதர்? மொதல்லியே சொல்லிருக்கலாம் லா.” ஆதாரப் படங்களை அவர் திறக்கக்கூட இல்லை. வீரன் மறுபடியும் கற்பனைப் பிரிவுக்குப் போனான். சசி கத்திப் பார்த்தான். “ரூல்ஸ், பிரதர்,” என்று அவர் அடுத்த மேசைக்கு நகர்ந்துவிட்டார்.

சாயங்காலம் மைக்கில் அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். கற்பனைப் பிரிவில் முதல் பரிசு. கூட்டம் கை தட்டியது. மைக்கல்ராஜ் கோப்பையைக் கையில் திணித்து, தோளைத் தட்டினார்.

“மத்ததெல்லாம் சுமார்தான் பிரதர். ஆனா அந்தக் குங்குமமும் மஞ்சளும்! அசல் மாதிரியே அடிச்சிருக்கீங்க!”

சசி கோப்பையை அவர் மேசையிலேயே டொக்கென்று வைத்தான். குதிரையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான்:

“அது எங்கக்கா வச்சதுய்யா! நான் அடிச்சது அதுக்கு அடியில இருக்கற மனுஷன!”