அண்ணன் வீட்டுச் சுவருக்கு நான் வரைந்த ஊர்

அகரத்துக்குப் பக்கம் எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் பொதுவாக இருந்த கிணற்றைச் சித்தப்பா மகனான அண்ணன் மண்ணடித்து மூடினார். அவர் பாகத்தைப் பிளாட் போட அது இடைஞ்சலாம். அப்பாவை நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்த நாளாகப் பார்த்து ஜேசிபி வந்தது. அந்தக் கோடையில் தண்ணீரில்லாமல் எங்கள் மல்லிகைச் செடிகள் கருகின. அப்பா காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை வருவார். கொஞ்சம் நின்றுவிட்டு உள்ளே திரும்பிவிடுவார்.

அதே அண்ணன் திண்டுக்கல்லில் புது வீடு கட்டி, ஹாலில் மாட்ட என்னிடம் படம் கேட்டார். நான் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை.

"பூமியில எங்கயும் இல்லாத ஊரா இருக்கணும் பாப்பா. பெருசா, பளபளன்னு."

"வரைஞ்சு தாரேண்ணே" என்றேன். அப்பா என்னோடு பேச்சை நிறுத்தினார்.

ஊர் முழுக்கப் பொன்மஞ்சள். நடுவில் எல்லாவற்றையும்விட உயரமாக ஒரு மாளிகை. மற்ற வீடுகள் அதற்கு முதுகைக் காட்டி நின்றன. குளம் இல்லை, கிணறு இல்லை, ஒரு மரம்கூட இல்லை. மாளிகை மாடியில் தனியாக ஓர் ஆள். அவன் கையில் குடம். அதன் வாய்க்குள் இருட்டு. அந்த இருட்டைப் பூசும்போது என் மனசு குளிர்ந்தது.

கிரகப்பிரவேசத்தன்று அண்ணன் எல்லோருக்கும் படத்தைக் காட்டினார். "நடுவுல ஒசரமா இருக்குல்ல, அது நம்ம வீடு. மேல பூரண கும்பத்தோட நிக்கிறது நான். தங்கச்சி என்னய மனசுல வச்சு வரைஞ்சிருக்கு."

"ஆமாண்ணே, உங்கள மனசுல வச்சுத்தான் வரைஞ்சேன்."

பந்தி முடிந்தபின் அவர் மனைவி படத்தின் முன் வந்து நின்றார்.

"இம்புட்டு மஞ்சளு, ஆனா பாக்கப் பயமா இருக்கு. ஊருல வெயிலு மட்டுந்தான் இருக்கு. அது வெறுங்குடந்தானே?"

"ஆமா மதினி."

"கிணத்த மூட வேணாம்னு நானும் சொன்னேன். பொம்பளைக்கு என்ன தெரியும்னாரு."

மதினி யாரிடமும் சொல்லவில்லை. சில மாதம் கழித்து, வீட்டுக்கு வந்த யாரோ ஒருவர் அண்ணனுக்கு அர்த்தம் சொல்லிவிட்டார். அண்ணன் போனில் கத்தினார்.

"எனக்குச் சாபமா விட்டு வச்சிருக்க? இப்பவே கழட்டி எறியிறேன்."

பின்னால் மதினியின் குரல் நிதானமாகக் கேட்டது. "அதத் தொடாதீங்க. அங்கனயே இருக்கட்டும்."

அப்பாவிடம் சொன்னேன். "அதனால பூ பூத்துருமா?" என்றார், அத்தனை மாதம் கழித்து முதன்முறையாக. பூக்காது. ஆனால் படம் இன்னும் அந்த ஹாலில்தான் தொங்குகிறது. எனக்கு அதில் துளி வருத்தமும் இல்லை.