பச்சை லைட் எரியுதா, மேடம்?

ஆபீசில் அவளுக்கு ரயில் என்று பெயர். வீடுகளுக்கு இணைய இணைப்பு கொடுக்கும் கம்பெனி ஒன்றின் உதவி மையத்தில் ஆறு வருஷமாகக் காதில் ஹெட்செட்டோடு உட்கார்ந்திருப்பவள். நெட் வரவில்லை என்று அழைப்பவர் தன் கோபத்தில் பாதியைக் கொட்டி முடிப்பதற்குள் இவள் கோளாறைக் கண்டுபிடித்து, சரிசெய்து, "வேற ஏதாவது உதவி வேணுமா சார்?" வரைக்கும் போய்விடுவாள். மீதிக் கோபத்தை என்ன செய்வதென்று தெரியாமல் அவர்கள் நன்றி சொல்லி வைத்துவிடுவார்கள்.

இந்த ஆறு வருஷத்தில் அவள் கண்டது, மோடம் விஷயத்தில் மனுஷர்கள் கூசாமல் பொய் சொல்வார்கள் என்பதுதான். "பெட்டியை ஒருதடவை ஆஃப் பண்ணிப் போட்டீங்களா?" என்று கேட்டால், சோபாவில் சாய்ந்த சாய்வு கலையாமல், "ஓ, மூணு தடவை" என்பார்கள். வக்கீலும் அப்படித்தான், வாத்தியாரும் அப்படித்தான். அதனால் அந்தக் கேள்வியையே அவள் விட்டுவிட்டாள். "பிளக்கைக் கழட்டி, அதுல எத்தனை முள்ளு இருக்குன்னு எண்ணிச் சொல்லுங்க சார்" என்பாள். எண்ணுவதற்காவது எழுந்து போய்க் கழற்றித்தானே ஆகவேண்டும்? திரும்ப மாட்டியதும் பாதி வீடுகளில் நெட் வந்துவிடும். உதவி மையம் முழுக்க இப்போது முள் எண்ணச் சொல்கிறார்கள். சூபர்வைசர் அதற்காக அவளுக்கு ஒரு பிளாஸ்டிக் கோப்பை கொடுத்தார்.

இரண்டு வருஷமாக வீட்டிலிருந்தே வேலை. பின்கட்டு அறையில், துணி காயப்போடும் ஸ்டாண்டுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு மேஜை. இதற்குக் கம்பெனி வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: வேலை நேரத்தில் அரைமணிக்கு மேல் இணைப்பு அறுந்து போகக்கூடாது. ஒரு மாதத்தில் மூன்று தடவை அப்படி ஆனால், அடுத்த திங்களிலிருந்து ஆபீஸ். ஆபீஸ் என்றால் இரண்டு பஸ் மாறி, ஏசி குளிருக்குச் சால்வை சுமந்து, முதுகுக்குப் பின்னாலேயே நடைபோடும் சூபர்வைசரோடு எட்டு மணிநேரம். இந்த மாதம் ஏற்கெனவே இரண்டு தடவை ஆகிவிட்டது. மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு, ஒரு வாடிக்கையாளர் கத்திக்கொண்டிருக்கும்போதே திரை அப்படியே உறைந்தது. ஒரு வாரமாகவே நெட் மந்தம். மாடி வீட்டில் குடியிருக்கும் டிரம்ஸ் வாத்தியார்தான் திருட்டுத்தனமாக அவள் வைஃபையை உறிஞ்சுகிறார் என்று அவளுக்குச் சந்தேகம். முந்தின இரவு சாப்பிடும்போதுகூட வீட்டில் எல்லார் முன்னாலும் புலம்பியிருந்தாள். இப்போது மாடியைப் பார்த்து ஒரு முறை பல்லைக் கடித்தாள்.

கைபேசி நெட்டில் ஆபீஸ் மென்பொருள் திறக்காது. அப்படிப் பூட்டி வைத்திருந்தார்கள். எனவே ஊரார் செய்வதைத்தான் அவளும் செய்தாள். தன் கம்பெனிக்கே போன் போட்டாள்.

"உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது" என்றது ஒரு குரல். அவள் குரல்தான். போன வருஷம் சூபர்வைசர் கெஞ்சிக் கேட்டதால் பதிவு செய்து கொடுத்தது. நாலு நிமிஷம் தன்னைத் தானே பொறுமையாக இருக்கச் சொன்னாள். இவ்வளவு குழைந்து பேசும் பெண்ணை நேரில் பார்த்தால் அறையலாம் போலிருந்தது.

"வணக்கம். என்ன உதவி வேணும், மேடம்?"

குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. ஆமை! பக்கத்து இருக்கையில் நாலு வருஷம் உட்கார்ந்திருந்தவர். எழுதிக் கொடுத்த கேள்வித்தாளில் ஒரு எழுத்து விடாமல், ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கிப் படிப்பவர். ரயிலை விட வாடிக்கையாளர் மதிப்பெண் அதிகம் வாங்குகிற ஒரே ஆள்.

"அண்ணே, நான்தான். லைன் போச்சு. சீக்கிரம் பாருங்க."

"இந்த அழைப்பு பதிவு செய்யப்படுது, மேடம்" என்றார் ஆமை. குரலில் சிரிப்பு நெளிந்தது. "உங்க வாடிக்கையாளர் எண்ணைச் சொல்றீங்களா?"

சொன்னாள்.

"ஒருமுறை சரிபார்த்துக்கறேன்." ஒவ்வொரு எண்ணாக, பச்சைக் குழந்தைக்குச் சோறூட்டுவது போல் திருப்பிச் சொன்னார். பத்து முப்பது ஆகிவிட்டது. "பெட்டியில பச்சை லைட் எரியுதா, மேடம்?"

"எரியுது" என்றாள், நாற்காலியை விட்டு அசையாமல்.

"ஆஃப் பண்ணிப் போட்டீங்களா?"

"ஓ, ரெண்டு தடவை. லைன்லதான் பிரச்சனை, ஆள் அனுப்பணும். நேரா அந்தப் பக்கத்துக்குப் போங்கண்ணே!"

"ரொம்ப நல்லது, மேடம். பிளக்கைக் கழட்டி, அதுல எத்தனை முள்ளு இருக்குன்னு மட்டும் எண்ணிச் சொல்லுங்க."

"மூணு!"

மறுமுனையில் மௌஸ் இரண்டு முறை நிதானமாகச் சொடுக்கியது.

"நம்ம கம்பெனி குடுக்கற பெட்டிக்கு ரெண்டு முள்ளுதான், மேடம்."

காது மடல் வரை சூடேறியது அவளுக்கு.

"லைன் ஆரோக்கியமா இருக்கு. பெட்டியும் உயிரோட இருக்கு. இங்க எனக்கு நல்லாவே தெரியுது" என்றார் ஆமை. "பிரச்சனை உங்க வீட்டுக்குள்ளதான். எந்திரிச்சுப் போய்ப் பாத்துட்டு வாங்க. நான் காத்திருக்கேன்."

போனைக் காதில் வைத்தபடியே கூடத்துக்கு ஓடினாள். மோடம் எப்போதும் கூடத்து இரும்பு அலமாரியின் தலைமேல் இருக்கும். இப்போது அங்கே, நாலு பக்கமும் தூசி படிந்து நடுவில் மட்டும் பளிச்சென்று சதுரமாக ஓர் இடம் இருந்தது. பெட்டியைக் காணோம்.

"அண்ணே, மோடத்தையே தூக்கிட்டுப் போயிட்டாங்க!"

"யாரு, மேடம்?"

பதில் சொல்வதற்குள் வாசலில் தட்டும் சத்தம். திறந்தால் டிரம்ஸ் வாத்தியார், கையில் இரண்டு குச்சிகளோடு, அப்பாவி முகத்தோடு நின்றார்.

"சிஸ்டர், நெட் வரலையே. பதினோரு மணிக்கு வீடியோவுல எனக்கு ஒரு கிளாஸ் இருக்கு. உங்களுக்காவது வருதா?"

"உங்களுக்கு எதுக்கு சார் என் நெட் வரணும்?"

அப்போதுதான் தன் வாயால் தானே மாட்டிக்கொண்டது அவருக்கு உறைத்தது. குச்சிகளை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "இல்ல... சும்மா ஒருநாள் உங்க டோர் நம்பரை ரெண்டு தடவை அடிச்சுப் பாத்தேன். திறந்துடுச்சு."

போனுக்குள் ஆமை இருமினார். சுலபமான பாஸ்வேர்ட் வைக்காதீர்கள் என்று ஒரு நாளைக்கு நாற்பது பேருக்குச் சொல்கிற ரயிலின் பாஸ்வேர்ட் அது.

"எப்பலேர்ந்து வரல?" என்று பல்லுக்கிடையில் கேட்டாள்.

"பத்தேகாலுக்கு மேல. ஆனா சுத்தமா போகல, சிஸ்டர். உங்க வைஃபை பேரு மட்டும் மங்கலா தெரியுது."

பேர் தெரிகிறதென்றால் பெட்டி வீட்டுக்குள்தான் இருக்கிறது. அவள் கண் சுவரோடு ஓடியது. ஒயர் வழக்கம்போல் இறங்கி வந்து, அலமாரித் தலைக்குப் போகாமல், அதன் பக்கவாட்டில் புதிதாகத் துளைத்த ஒரு ஓட்டைக்குள் நுழைந்திருந்தது. கதவை இழுத்தாள். பூட்டியிருந்தது.

நேற்று இரவு வீட்டில் டிரில்லிங் மிஷின் சத்தம் கேட்டது இப்போது நினைவுக்கு வந்தது. மாமா எதையாவது துளைக்காத வாரம் கிடையாது என்பதால் யாரும் என்னவென்று கேட்கவில்லை. மாமா, அதாவது அவள் கணவனின் அப்பா, ஒரு மோட்டார் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் ஸ்டோர்கீப்பர். அவர் காலத்தில் ஒரு வாஷர்கூடக் காணாமல் போனதில்லை. மருமகள் சாப்பாட்டு நேரத்தில், "நம்ம வைஃபையைத் திருடுறாங்க" என்று சொன்னதை அந்த வீட்டில் ஒரே ஒருவர்தான் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். திருட்டு என்றால் அவருக்குத் தெரிந்த மருந்து பூட்டு. இன்று காலை பெட்டியை உள்ளே வைத்து, பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு சலூனுக்குச் சவரம் செய்துகொள்ளக் கிளம்பிவிட்டார். ரயில் இதைப் போனில் சொன்னாள்.

"இரும்பு அலமாரிக்குள்ளயா?" என்றார் ஆமை. அவளுக்குத் தெரிந்து முதல்முறையாக, கேள்வித்தாளில் இல்லாத ஒன்றைக் கேட்டார். "வைஃபை எப்படிம்மா வெளிய வரும்?"

"அதைப் போய் அவர்கிட்ட சொல்லுங்க!" பத்து நாற்பத்தொன்று. மாமாவின் போன் சாப்பாட்டு மேஜையில் சார்ஜில் கிடந்தது. அவள் டிரம்ஸ் வாத்தியாரிடம் திரும்பினாள். "தெருமுனை சலூன். மாமாகிட்ட சாவி இருக்கு. ஒரு வாரம் ஓசியில ஓட்டினீங்கல்ல? இப்ப ஓடுங்க!"

வாத்தியார் குச்சிகளோடு ஓடினார்.

நாலு நிமிஷத்தில் திரும்பி வந்தார். பின்னால் மாமாவும் வந்தார், கழுத்தில் சலூன் துண்டும் ஒரு கன்னம் நிறைய சோப்பு நுரையுமாக.

"சாவியைக் குடுத்தனுப்பியிருக்கலாமே மாமா!"

"எப்படிம்மா குடுக்கறது?" மாமா வாத்தியாரைக் கண்ணால் காட்டினார். "திருடறதே இவர்தான்னு நீதானே சொன்னே?"

வாத்தியார் குச்சிகளை மறுபடி முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

மாமா சாவிக்கொத்தை எடுத்து, பதினெட்டுச் சாவிகளில் சரியானதைத் தேடி, பூட்டில் விட்டார். பத்து நாற்பத்தேழு. உள்ளே நாப்தலின் உருண்டைகளுக்கும் பழைய கம்பளிக்கும் நடுவில், மோடம் கண்சிமிட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பச்சை லைட் எரிந்தது. கதவு திறந்ததுதான் தாமதம், அவள் பின்கட்டுக்குப் பாய்ந்தாள். பத்து நாற்பத்தொன்பதுக்குத் திரையில் அவள் பேருக்கு எதிரே 'இணைப்பில் உள்ளார்' என்று வந்தது.

"அண்ணே, உள்ள வந்துட்டேன். இன்னும் ஒரு நிமிஷம் பாக்கி."

"மகிழ்ச்சி, மேடம். கோளாறுக்கான காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன போடட்டும்?"

"உங்க இஷ்டம். ஆனா சூபர்வைசர் படிப்பாரு."

கீபோர்டில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டும் சத்தம். "வாடிக்கையாளர் இல்லத்தில் பாதுகாப்பு சற்று அதிகம்" என்று படித்துக் காட்டினார் ஆமை. "எங்க சேவைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண், மேடம்?"

"பத்து. தொலைஞ்சு போங்க."

மதிய இடைவேளையில் மாமாவை உட்கார வைத்து விளக்கினாள். வைஃபைக்குப் பூட்டு அலமாரியில் இல்லை, பாஸ்வேர்டில்தான் இருக்கிறது. நல்ல பாஸ்வேர்டாக மாற்றிவிட்டால் பெட்டியை நடுத்தெருவில் வைத்தாலும் எவனாலும் தொட முடியாது. சாவியே இல்லாத பூட்டு ஒன்று உலகத்தில் இருப்பது மாமாவுக்குப் பிடித்துவிட்டது. "அப்ப நானே போடறேன்" என்று மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி, ஒரு கையால் மறைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் வெகுநேரம் தட்டினார். மோடம் அலமாரியின் தலைமேல் தன் சதுரத்துக்குத் திரும்பியது.

இடைவேளை முடிய ஐந்து நிமிஷம் இருந்தபோது மடிக்கணினி புது பாஸ்வேர்ட் கேட்டது.

"மாமா, என்ன போட்டீங்க?"

மாமா எழுந்தார். மேஜை டிராயரிலிருந்து கோடு போட்ட ஒரு நீள நோட்டை எடுத்து அவள் முன்னால் விரித்தார். முதல் பக்கத்தில் ஸ்கேல் வைத்து நாலு பத்தி பிரித்திருந்தது: தேதி, பெறுபவர், எதற்காக, கையொப்பம்.

"மாமா, எனக்கு வேலைக்கு நேரமாச்சு!"

"ஸ்டோர்ல எல்லாருக்கும் நேரமாச்சுதாம்மா. எதற்காகங்கற இடத்துல தெளிவா எழுது. சும்மா 'வேலை'ன்னு எழுதக்கூடாது."

அவள் எழுதப் போனாள். பேனா எழுதவில்லை. உதறிப் பார்த்தாள், அப்போதும் எழுதவில்லை. மாமா இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு, வேறு பேனா எடுக்க அலமாரியைத் திறக்கப் போனார்.