தொழுநோயாளி வேடம்

எங்கள் ராயபுரம் பங்குக் கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் சிறுவர்களுக்கு மறைக்கல்வி நடக்கும். நான்காம் வகுப்பு என் பொறுப்பில் இருந்தது. திருவிழாவுக்கு ஒரு புனிதரின் வாழ்க்கையைப் பிள்ளைகளை வைத்து நாடகமாகப் போடச் சொன்னார் பங்குத்தந்தை. நான் தேர்ந்தெடுத்தது ஒரு ஜவுளி வியாபாரியின் மகனை. பட்டும் பகட்டுமாக வளர்ந்தவர். ஒருநாள் குதிரையில் போகும்போது, வழியில் நின்ற தொழுநோயாளியைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார். பிறகு என்ன தோன்றியதோ, இறங்கிப் போய் அவரைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டார். அன்றோடு வேறு மனிதராகிவிட்டார். எங்கள் குடும்பமும் தெற்கிலிருந்து வந்து வண்ணாரப்பேட்டையில் மொத்த ஜவுளி வியாபாரம் செய்வதுதான். அதனால் அவர் எங்கள் ஆள் என்று எனக்கு ஒரு பெருமை.

புனிதர் வேடத்தை அக்கா மகளுக்குக் கொடுத்தேன். பிஷப், புனிதரின் அப்பா, அம்மா எல்லாம் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். தொழுநோயாளி மட்டும் காசிமேட்டில் மீன் விற்கும் அம்மாவின் மகள். யோசித்துச் செய்யவில்லை என்றுதான் அப்போது சொல்லிக்கொண்டேன்.

இரண்டாவது ஒத்திகையில் அந்த அம்மா வந்து நின்றார். முழங்கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது.

"இன்னா டீச்சர், எம் பொண்ணு மூஞ்சில குஷ்டம்னு எழுதிக்கீதா?"

"அப்படி இல்லம்மா. அந்த நோயாளிக்குத்தான் புனிதர் முத்தம் குடுக்கிறார். கதையிலேயே அதுதான் முக்கியமான வேஷம்."

"முக்கியம்னா உன் அக்கா பொண்ணுக்குக் குட்க்க வேண்டியதுதானே? மீன்காரி பொண்ணு நாறும்னுதானே குட்த்த? போன வாரம் உங்க வூட்டுப் பொண்ணு மூக்க மூடிக்கினேதான் கட்டிப்புடிச்சுதாம். எம் பொண்ணு வூட்டுக்கு வந்து ரெண்டு தபா சோப்பு போட்டுக் குளிக்குது."

பிள்ளைகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூக்கைப் பொத்துவது நாடகத்தில் உள்ளதுதான் என்றேன். முழு உண்மை அதுவல்ல. குதிரையிலிருந்து இறங்கியதும் கையை எடுத்துவிட வேண்டும். அக்கா மகள் எடுக்கவில்லை. நான் பார்த்தேன், திருத்தவில்லை.

"சத்தம் போடாதீங்க, இது கோயில்" என்றேன்.

"கோயில்னு நீ எனக்குச் சொல்லித் தர்றியா?"

அன்றே வேடங்களை மாற்றினேன். நியாயத்துக்காக அல்ல, அவர் வாயை அடைக்க. அவர் மகள் புனிதர், அக்கா மகள் தொழுநோயாளி. மாலையில் அக்காவின் போன் வந்தது.

"ஏட்டி, ஒனக்குக் கோட்டி புடிச்சிருக்கா? சொந்தக்காரன் பூரா வாட்ஸப்புல பாப்பான். எம் புள்ள குஷ்டரோகியா நிக்கணுமோ?"

"போன வாரம் வரைக்கும் இன்னொருத்தி புள்ள நின்னாளே!"

"அது வேற, இது வேற."

அக்கா தன் மகளை நாடகத்திலிருந்து நிறுத்திவிட்டாள். வேறு மூன்று அம்மாக்களைக் கேட்டேன். ஒருத்தி பிள்ளைக்குத் தோல் அலர்ஜி, இன்னொருத்தி பிள்ளைக்குப் பரீட்சை, மூன்றாமவள் போனையே எடுக்கவில்லை. அந்தக் காட்சியை வெட்டிவிடலாம் என்றார் பங்குத்தந்தை. அதை வெட்டினால் அப்புறம் எதற்கு இந்தப் புனிதர் என்று அவரிடமும் கத்தினேன். கடைசியில் வேடத்தை நானே போட்டேன்.

திருவிழா மேடையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குச்சிக் குதிரையிலிருந்து இறங்கி அந்தப் பெண் என் முன்னால் வந்தாள். வந்து அப்படியே நின்றுவிட்டாள். கைகள் தொங்கிக்கொண்டிருந்தன.

"கட்டிப்பிடி" என்று முணுமுணுத்தேன்.

"மாட்டேன்."

ஒன்பது வயதுப் பிள்ளை என்னை அப்படிப் பார்க்க முடியும் என்று நான் நினைத்ததில்லை. கீழே முந்நூறு பேர். நானே எட்டி அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். கட்டை போல் விறைத்து நின்றாள். கூட்டம் கை தட்டியது.

மேடைக்குப் பின்னால் அந்த அம்மா மகளின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஊரு பாக்கும்போது மட்டும் தொடத் தோணுதா உனக்கு?"

சாக்கு நூல் கழுத்தில் அரித்துக்கொண்டிருந்தது.

அந்தப் பெண் அதற்குப் பிறகு மறைக்கல்விக்கு வரவில்லை. அக்கா ஒரு வருடம் என்னோடு பேசவில்லை. அடுத்த ஆண்டு வகுப்பை வேறொருவரிடம் கொடுத்தார்கள்; நானும் கேட்கவில்லை. காசிமேட்டில் மீன் வாங்கப் போகும்போது அந்த அம்மா என்னைப் பார்ப்பார். மற்றவர்களைக் கூவிக் கூப்பிடுபவர் நான் கடந்து போகும்வரை வாயை மூடிக்கொள்வார். நான் பக்கத்தில் இருப்பவரிடம் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன். இதுவரை மன்னிப்புக் கேட்கவில்லை.