பள்ளி ரேடியோவில் இன்று வாசிக்காத செய்தி

எங்கள் பள்ளி ரேடியோ லைசென்ஸ் தேவைப்படாத அளவுக்குச் சிறியது. எதிர் டீக்கடையைத் தாண்டினால் கேட்காது.

இன்று மதியம் செய்தி வாசிக்க உட்கார்ந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி, தாளைத் தள்ளிவைத்துவிட்டு மைக்கில் சொன்னாள்: "வெள்ளிக்கெழம எனக்குக் கண்ணாலம் பண்றாங்கோ. எனக்கு வாணாம். யாராச்சும் நிறுத்துங்க."

டீக்கடையில் இருந்த அவள் அப்பா ஓடிவந்தார். "இன்னா டீச்சர், என் மானத்த வாங்கத்தான் ரேடியோ வச்சிக்கினு கீறீங்களா?"

கதவை மறித்து நின்றுகொண்டே குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன்.

மாலையில் அதிகாரிகள் வந்து அவளைக் காஞ்சிபுரம் காப்பகத்துக்கு அழைத்துப் போனார்கள். கல்யாணம் நின்றது.

ஜீப்பில் ஏறும்போது, "எப்ப டீச்சர் வூட்டுக்குப் போவேன்?" என்றாள்.

நாளை முதல் சினிமாப் பாட்டு மட்டும் போதும் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். என்ன பாட்டு போடலாம், நீங்களே சொல்லுங்கள்.